எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம்

அக்டோபர் 22, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. ஆறு கலங்கல். கீழ்ப்படித்துறை முங்கிவிட்டது. அடுப்படியில் இரண்டு இடம் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. (இது போன வருஷத்து டைரி, கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்தது. கிழமையை அடித்து ஒன்று தள்ளி எழுதிக்கொள்கிறேன்.)

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வீடியோ வந்த அன்றைக்கே பொன்னுத்தாயிடம் சொன்னேன்: "பாத்துக்கிட்டே இரு, கடல் தாண்டி ஆள் தேடி வரும்." கட்டின மனைவிதான் சாட்சி, கேட்டால் மறுப்பாள். இன்றைக்கு வந்துவிட்டது. கடல் தாண்டி இல்லை, கடல் ஓரத்திலிருந்து. அது ஒன்றுதான் பிசகு.

வீடியோ எடுத்தது கோமதி. தங்கச்சி மகள், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். யுத்த காலத்தில் திருக்கோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரனுடைய கப்பற்படைத் தளத்தில் கூலி வேலைக்குப் போன நம் பக்கத்து ஆட்களைப் பற்றி ஆராய்ச்சி. எங்கப்பா அங்கே மூன்று வருஷம் இருந்தார். ஊரில் நான் சொல்லி வைத்திருப்பது கேப்டனுக்கு வலதுகை என்று. கேமரா முன்னால் முக்கால் மணி நேரம் பேசினேன். கோமதி பன்னிரண்டு நிமிஷமாக வெட்டிவிட்டாள். ஜப்பான் ராஜாவே விமானம் ஓட்டிக்கொண்டு வந்த இடம் போயிற்று. அது நல்ல இடம்.

மிஞ்சியது இவ்வளவு: ஜப்பான்காரன் குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டி எரிந்தது. கடற்கரைக்காரர் தொம்மை என்பவர் அடிபட்டு விழுந்தது. எங்கப்பா அவரைத் தோளில் தூக்கிப் போய், தொட்டிக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் தன் கையாலேயே அடக்கம் செய்து, பெட்டிப் பலகையில் சிலுவை செய்து நட்டது. கழுத்து நூலில் கிடந்த மாதா துணித்துண்டை, உத்தரியத்தைப் பார்த்துத்தான் வேதக்காரர், கிறிஸ்தவர் என்று தெரிந்துகொண்டது. கடைசியில் நான் சொல்கிறேன்: "அப்பா தரையில கோடு போட்டுக் காட்டியிருக்காரு. என் கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த மரத்தடியில போயி நிப்பேன்."

பத்தரைக்கு வாசலில் கார். லூர்து என்று ஒருவர், இந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். அவருடைய அம்மா செபஸ்தியம்மாள். எண்பத்து மூன்று வயசு. தொம்மையின் மகள். அவர் கப்பல் ஏறும்போது இந்தம்மா வயிற்றில்.

மூச்சு வாங்க வாங்கப் படி ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கப்பாவத் தூக்குன கை எது தம்பி? உங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருக்குமா?"

வலது கையைக் காட்டினேன். நடுங்கியது. முப்பது வருஷம் திருச்செந்தூர் வண்டியில் கண்டக்டர், கம்பியைப் பிடித்த நரம்புக்கோளாறு என்று சொல்லிவைத்தேன்.

அவர்கள் சொன்னது: கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டாம் தேதி, ஊரெல்லாம் அவரவர் குழிக்குப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றும். குழி இல்லாதவர்களுக்கு நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றவேண்டும், கடலில் போனவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு இடம். பிறந்ததிலிருந்து அங்கேதான் ஏற்றுகிறார்கள். அவர்கள் அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லையாம். செத்ததைக் கண்ணால் பார்த்த ஆள் வரட்டும் என்று.

"இந்தத் திருநாளுக்கு எங்கப்பா குழியில ஏத்தணும். அடுத்த வருசம் நான் இல்ல. நீங்க கூட வந்து இடத்தக் காட்டணும்."

"காட்டிருவோம்மா," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய்தான் சொன்னது.

அக்டோபர் 23, வியாழன்

மழை விட்டு விட்டு. சோறு வேண்டாமென்றேன். மோர் மட்டும்.

டீக்கடையில் வேலாயுதம், எங்கள் வண்டியின் பழைய டிரைவர்:

"என்னவே, பிளேன் ஏறப் போறீராமே. கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் போவீரோ?"

"கட்டாமலே போவேன் வே."

"பின்னால வண்டி வரதப் பாக்காமலே 'போலாம் ரைட்டு'ன்னு சொன்ன ஆளுல்லா நீரு. பைய பாத்துப் போரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நம்பிக்கை ஒன்றே ஒன்று. அந்த இடம் இன்றைக்கும் இலங்கைக் கப்பற்படை கையில் இருக்கிறது. துப்பாக்கி வைத்துக் காவல். எங்கள் முக்கூடலிலிருந்து ஒருத்தன் வந்து மரம் தேட விடுவானா? விடமாட்டான். கோமதி போன மாசமே ஆராய்ச்சிக்கென்று அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள், இப்போது எங்கள் பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். பதில் வராது. வந்தாலும் 'முடியாது' என்று வரும். எழுதிவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை அம்மனிடம் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு காரியம் நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. 'பாத்துக்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25, சனி

வெயில். அரிசி காயப்போட்டது. போன் அடிக்கக்கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தது.

கோமதி. "மாமா, அனுமதி வந்துட்டு. அங்கன ஒரு ஆபீசருக்குப் பழைய சரித்திரத்துல ரொம்ப இஷ்டமாம். கூடவே நடந்து வந்து காட்டுதேன்னு எழுதியிருக்காரு. மலை மேல பீரங்கி, பழைய டாக்யார்டு, தொட்டிகள் எல்லாம்."

"ரொம்பச் சந்தோசம்."

"உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"சளி."

"ஒரு சந்தேகம் மாமா. பழைய வரைபடம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நீங்க சொன்ன தொட்டிக்குப் பின்னால குழாய் வரிசை போகுது. வேம்பு குழாய்க்கு எந்தப் பக்கம்?"

"அந்தாண்ட."

"அந்தாண்ட சரிவுல்லா. பாறை. குழி தோண்ட முடியாதே."

"அப்ப இந்தாண்ட."

அந்தப் பக்கம் காகிதம் மடிக்கிற சத்தம். பிறகு, "சரி மாமா, நேருல பாத்துக்கிடுவோம்," என்றாள்.

பொன்னுத்தாய் அரிசியைத் துழாவிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, உண்மையிலயே மரம் இருக்கா?"

"மரமில்லாத ஊரு ஒண்ணு உலகத்துல உண்டா?"

"நான் மரத்தக் கேக்கல."

எழுந்து வெளியே போய்விட்டேன். செருப்பு மாற்றிப் போட்டிருந்தது பாலத்தில் போகும்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் 27, திங்கள்

வண்ணார்பேட்டைக் கடைவீதிக்குப் போனேன். பெட்டி ஒன்று, சக்கரம் வைத்தது. ரத்த அழுத்தம் பார்த்தது: மேலே எகிறியிருக்கிறது. டாக்டர், "என்ன யோசனை?" என்றார். "வெளிநாட்டுப் பயணம்," என்றேன். பக்கத்தில் ஊசி போட நின்ற நர்சு கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

கடைவாசலில் நிற்கும்போது ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து போயிற்று. என்னை அறியாமல் தலை குனிந்துவிட்டது. வெட்கம். உடனே அப்பா ஞாபகம். எழுதவா வேண்டாமா என்று திரும்பி வரும்போது பஸ் முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு. வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்க அரசாங்கத்து விமானம் வந்தது. ஊரே கரைக்கு ஓடியது பார்க்க. அப்பா நாற்றுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, நிறுத்தியிருந்த மாட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு. விமானம் போய் வெகுநேரம் கழித்தும் எழவில்லை. வேட்டி நனைந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பயல்கள் ஒரு வாரம் 'வண்டிக்கடி மகன்' என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் நான் சொன்னேன்: எங்கப்பா பயந்து படுக்கவில்லை, குண்டு போட்டால் எப்படிப் படுக்கவேண்டும் என்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தார், திருக்கோணமலையில் கேப்டன் சொல்லிக்கொடுத்தது. நம்பினார்கள். நான் சொன்ன முதல் கதை அதுதான். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

கணக்காக எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று தோன்றுகிறது.

அப்பா சொன்னது (மொத்தமே இவ்வளவு, அதுவும் ஒரே ஒரு தரம், கள் குடித்திருந்தபோது):
சங்கு ஊதினான். விமானம் வந்தது.
ஓடினேன். கழிவுநீர்க் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். பொழுது சாயத்தான் வெளியே வந்தேன்.
தொட்டி நாள்கணக்காக எரிந்தது. சோற்றில் எல்லாம் எண்ணெய்ப் புகை நாற்றம்.
கூலிகள் தங்குகிற லயத்தில் பக்கத்துப் பாயில் படுக்கிறவன் கடற்கரைக்காரன். கருவாடு சுட்டால் எனக்குப் பாதி தருவான். அன்றைக்குப் பிறகு அவன் வரவில்லை. யாரும் தேடவில்லை, நானும் தேடவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார்கள்.

நான் சேர்த்தது:
தோளில் தூக்கியது.
அடக்கம் செய்தது.
வேப்பமரம்.
பலகைச் சிலுவை.
உத்தரியம். (கடற்கரைக்காரர் கழுத்தில் அது இல்லாமல் இருக்குமா?)
தரையில் கோடு போட்டுக் காட்டியது.

எழுதிப் பார்த்தேன். பயம் குறையவில்லை.

அக்டோபர் 29, புதன்

மறுபடியும் மழை. பாஸ்போர்ட் தலையணைக்கடியில். போன வருஷம் வேலாயுதத்திடம் பந்தயம் கட்டி எடுத்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம்.

லூர்து போனில் படம் அனுப்பியிருக்கிறார். கறுப்புக் கல், முழங்கை நீளம். மேலே சிலுவை. கீழே 'தொம்மை, இங்கே இளைப்பாறுகிறார்'. எழுத்து சுத்தமாக வெட்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லில் வெட்டினதை டைரிக் கிழமை மாதிரி அடித்துத் திருத்த முடியாது.

பிறகு அவரே போன் செய்தார்.

"அண்ணாச்சி, கல்ல விமானத்துல ஏத்த எழுதி வாங்கியாச்சு. அம்மா நாலு நாளா நல்லாச் சாப்பிடுதாவ. ஆறு மாசமா நாலு வாயிக்கு மேல இறங்காது, இப்பம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குதாவ."

"நல்லது, நல்லது."

"டாக்டரே அசந்துட்டாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு. இதயம் நூல்ல தொங்குது, மனசுல ஒரு அடி விழுந்தாத் தாங்காதுன்னு. நீங்கதான் கூடவே நிக்கணும்."

"நிப்பேன்."

"அப்புறம், குழியக் கொஞ்சம் தோண்டிப் பாக்கணும்னு அம்மா ஆசைப்படுதாவ. எலும்பு கிடைச்சா ஒரு துண்டு. அவிய போனபிறகு அவிய கூட வைக்க. அந்த ஆபீசரு பாக்கலாம்னு சொல்லியிருக்காராம்."

போனை வைத்தேன். உரலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரைக்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். ஏதாவது ஒரு வேம்பு இல்லாமலா போகும், அதைக் காட்டிவிட்டு, கல்லை நட்டுவிட்டு, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்று. தோண்டினால்? ஒன்றும் இல்லாவிட்டால் அந்தம்மா அங்கேயே விழுந்துவிடுவார்கள். அதைவிட மோசம், ஏதாவது இருந்துவிட்டால். எவனுடைய எலும்பையோ எடுத்து 'அப்பா' என்று மடியில் வைத்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

சொன்னாலும் அடி. சொல்லாவிட்டாலும் அடி.

பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கலியாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும், நீங்க சொல்லுததுல பாதிதான் எடுத்துக்கிடணும்னு. அந்தம்மாவுக்குத் தெரியாதுல்லா."

"போயிச் சொன்னா செத்துப்போயிருவாங்கட்டி."

"அங்கன போயிச் செத்தா உங்க மரத்தடியில செத்ததா ஆகும். இங்கன சொன்னா அவிய வீட்டுல, அவிய கட்டில்ல, மகன் பக்கத்துல. எது தேவலன்னு பாருங்க."

இவள் ஐந்தாம் வகுப்பு. நான் எட்டு.

அக்டோபர் 31, வெள்ளி. மாலை

இரண்டு பஸ் மாறிப் போனேன். என் பழைய தடம்தான். கண்டக்டர் சின்னப் பையன், டிக்கெட் மெஷினில் அடிக்கிறான். 'நான் இந்த ரூட்டில்' என்று ஆரம்பிக்க வாய் எடுத்தேன், பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. 'அம்மா, ஒரு சின்னத் திருத்தம்.' 'அம்மா, வெயில் எப்படி இருக்கு.' கடல் தெரிந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

கடல் கொந்தளிப்பு. வள்ளமெல்லாம் கரையேற்றிக் கிடந்தது. லூர்து வேலைக்குப் போயிருந்தார். அந்தம்மா மட்டும். முன்னறையில் சாக்கில் சுற்றின கல். பக்கத்தில் மெழுகுதிரிக் கட்டு, மண் எடுக்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவிக் காயவைத்து மூடி போட்டது.

பாட்டிலைப் பார்க்காத மாதிரி தள்ளி உட்கார்ந்தேன்.

"நாளைக்குத்தான பொறப்பாடு? இன்னைக்கே வந்துட்டிய."

"ஒண்ணு சொல்லணும்மா. நீங்க மொதல்ல கட்டில்ல சாஞ்சுக்கிடுங்க."

"ஏன், நான் விழுந்துருவேனோ? சொல்லுங்க."

மருந்து டப்பா எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். எங்கப்பா ஓடினார் என்பதை முதலில். குழாய்க்குள் படுத்தது. பொழுது சாயத்தான் வெளியே வந்தது. யாரையும் தூக்கவில்லை. கருவாட்டில் பாதி தருகிற பக்கத்துப் பாய்க்காரர் அன்றைக்குப் பிறகு வரவில்லை என்பது. மாட்டு வண்டிக்கு அடியில் படுத்ததையும் சொன்னேன், அதை யாரிடமும் நேராகச் சொன்னதே இல்லை. நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறி இறங்குகிறதா என்று.

"அப்பம் வேப்பமரம்?"

"இல்லம்மா."

"சிலுவை?"

"இல்ல."

"உத்தரியம்?"

"அது கடற்கரையில எல்லாருக்கும் இருக்குமேன்னு..."

எழுந்தார்கள். நானும் பதறி எழுந்தேன். உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார்கள். பழுப்பு நூலில் கோத்த இரண்டு துணித்துண்டு. தொட்டால் உதிரும் போல.

"எங்கப்பா கப்பல் ஏறும்போது கழத்தி எங்கம்மா வயித்து மேல வச்சிட்டுப் போனது. பிள்ளைக்கிக் காவல்னு. எங்கிட்டதான் இருக்கு. நீங்க வீடியோவுல உத்தரியம்னு சொன்னப்பமே தெரியும் தம்பி, இந்த ஆளு நல்லா அளக்குதாருன்னு."

பயந்து பயந்து ஒன்பது நாள் மோர் குடித்தது எல்லாம் எதற்கு.

"தெரிஞ்சுமா வந்திய? கல்லு வெட்டி, விமானம் போட்டு..."

"பேரு சொன்னியள்லா." அந்தம்மா டப்பாவை மூடினார்கள். "அளக்குதவன் மரத்த அளப்பான், சிலுவைய அளப்பான். பேர எங்கருந்து எடுப்பான்? அது உங்கப்பா சொல்லித்தான உங்களுக்குத் தெரியும். அங்கன, அவ்வளவு கூட்டத்துல, எங்கப்பா பேரு ஒருத்தருக்கு ஞாபகம் இருந்திருக்கு. ஊருக்கு வந்து பிள்ளைட்ட சொல்லியிருக்காரு. எங்கம்மா இத மட்டும் கேட்டிருந்தான்னா தாலியக் கழத்திட்டு நிம்மதியா இருந்திருப்பா."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பக்கத்துப் பாயி ஆளு கருவாட்டுல பாதி குடுப்பாருன்னு சொன்னியள்லா, இப்பம்."

"ஆமா."

"அது நெசந்தான?"

"அது நிஜம்மா. சத்தியமா."

"அது போதும். எங்கம்மாவும் சொல்லுவா, அவரு தனியாத் தின்ன மாட்டாருன்னு." கல்லைக் காலால் தொட்டுக் காட்டினார்கள். "இது இங்கனயே கெடக்கட்டும். எனக்கு வைக்கும்போது பக்கத்துல வச்சிக்கிடுவோம். தோண்டவும் வேண்டாம். மெழுகுதிரி மட்டும் எடுத்துக்கிடுவோம். நீங்க வாங்க. உங்கப்பா படுத்துக் கெடந்த குழாய் எதாவது கண்டா காட்டுங்க. எங்கப்பாவும் அதுக்குள்ளதான் ஓடி வந்துக்கிட்டு இருந்தாருன்னு நெனச்சிக்கிடுதேன்."

சாப்பிடச் சொன்னார்கள். மறுத்தும் விடவில்லை. சாளை மீன் குழம்பு. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், பத்து நாளில் இன்றைக்குத்தான் சோறு இறங்கியது. கிளம்பும்போது வாசலில் நின்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பேரச் சொன்ன வாய்க்கு மாதாவே தொணை இருப்பா," என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவே மறந்துவிட்டேன்.

வீடு வந்து சேர்ந்தது ஐந்தேகால். கோமதி போன்: கார் நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு, மதுரைக்கு, அங்கேதான் விமானம். பெட்டியில் வேட்டி மூன்று, துண்டு, மாத்திரை, ஊறுகாய். பொன்னுத்தாய் கேட்டாள், "எல்லாத்தையும் சொல்லிட்டியளா?" சொல்லிவிட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை போட்ட பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிற்று. விட்டுப்போகவில்லை, விட்டுவிட்டேன். நான் சேர்த்தது என்பதில், உத்தரியத்துக்குக் கீழே.

தொம்மை.

பக்கத்துப் பாய்க்காரன் பெயரை அப்பா சொன்னதே இல்லை. எங்கள் வண்டி கடற்கரை நிறுத்தத்தில் நிற்கும்போது 'தொம்மை' என்று கூப்பிட்டால் மூன்று பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வாயில் அதுதான் வந்தது.